தலை தூக்கவிடாத சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதுவதும், எழுதிய விதியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் பல வருடங்களாக என் பொழுதுபோக்கு. ராணுவத்தில் இருந்தவன் இல்லை. துப்பாக்கி பிடித்ததெல்லாம் கல்லூரி என்.சி.சி. முகாமில் ஒரு பழைய ரைஃபிளோடு சரி. ஆனால் எதிரி சுடும்போது ஒரு வீரனின் திறன் எவ்வளவு குறைகிறது, அதை எப்படி எண்ணாக்குவது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

முடக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் சப்ரஷன் என்கிறார்களே, அதைத்தான். ஆளுக்கு அடிபடவில்லை, முழுசாக இருக்கிறான். ஆனால் தலைக்கு மேலே தோட்டா பறப்பதால் குப்புறக் கிடக்கிறான். அந்த நேரத்தில் குறிபார்க்க மாட்டான், நகர மாட்டான், பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்றுகூடப் பார்க்க மாட்டான். இருந்தும் இல்லாத கணக்கு.

சூடு நின்று கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து சுடுவான். செத்தவன் அப்படி வரப்போவதில்லை. ஆகவே கொல்வதை மனை வாங்குவது என்று வைத்துக்கொண்டால், முடக்குவது வாடகைக்கு எடுப்பது. தோட்டாவாகவும் குண்டாகவும் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வீட்டுக்காரர் வந்துவிடுவார். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடும்.

பயந்துபோய்க் குனிவதைத்தானே இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

பயமும் உண்டு. ஆனால் குனிவது பல நேரம் புத்திசாலித்தனமான முடிவு. நன்றாகப் பயிற்சி பெற்றவன், தன்னைச் சுற்றி மண் தெறிப்பதைப் பார்த்தால் தலையை எடுத்துக்கொள்ளத்தான் செய்வான். அதனால் மாதிரியில் (சண்டையைக் கணக்காக்கி ஓட்டும் மாடலைத்தான் மாதிரி என்கிறேன்) முடக்கத்தைக் கோழைத்தனம் என்ற பெயரில் தனியாக ஒரு மதிப்பெண்ணாக வைக்காதீர்கள். அது சூட்டுக்கு ஆள் தரும் எதிர்வினை, அவ்வளவுதான்.

லான்செஸ்டர் சமன்பாடுகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

முதலில் அவை என்ன என்று சுருக்கமாக. ஃபிரெடெரிக் லான்செஸ்டர் கார் தயாரித்த ஆங்கிலேயப் பொறியாளர். 1914இல், படைகள் எப்படி ஒன்றையொன்று தேய்க்கின்றன என்பதற்குச் சமன்பாடு எழுதினார். அடுத்த வருடமே ரஷ்யாவில் ஓசிபோவ் என்பவர் தனியாக ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடும் சண்டையில், படையின் வலிமை தலைக்கணக்கின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும் என்பது அதன் சாரம். 100 பேரும் 50 பேரும் சம திறமையோடு மோதினால், 50 பேர் முழுக்க அழியும்போது மறுபக்கம் சுமார் 87 பேர் மிச்சம் இருப்பார்கள். ஐம்பது பேர் சமாளிக்க வேண்டுமென்றால் ஆளுக்கு இரண்டு மடங்கு திறமை போதாது, நான்கு மடங்கு வேண்டும்.

இதை நிஜச் சண்டையோடு பொருத்திப் பார்த்ததில் பேர்போனது, 1954இல் எங்கெல் என்பவர் இவோ ஜிமாவுக்குப் போட்ட கணக்கு. 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். முதல் நாள் 54,000 பேர், மூன்றாம் நாள் 6,000, ஆறாம் நாள் 13,000. எதிரே ஜப்பானியர்கள் 21,000 பேர் அளவில். ஒரு ஜப்பானிய வீரன் ஒரு நாளில் சராசரியாக 0.0544 அமெரிக்கரை வீழ்த்தினான், ஒரு அமெரிக்கர் 0.0106 ஜப்பானியரை வீழ்த்தினார் என்று இரண்டு எண்களை வைத்துக் கோடு போட்டால், நாள்தோறும் மிஞ்சிய அமெரிக்கர்களின் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

அழகுதான், ஆனால் எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஐந்து மடங்கு வித்தியாசம் ஏன்? சுரங்கமும் குகையும் ஒரு காரணம். கப்பல் பீரங்கி அடிக்கும்போது எத்தனை ஜப்பானியத் துப்பாக்கிகள் வாய்மூடிக் கிடந்தன, அடி நின்றதும் எத்தனை திரும்பப் பேசின என்ற கதையெல்லாம் அந்த இரண்டு எண்களுக்குள் கரைந்துவிட்டது. 36 நாள் நடந்த அந்தச் சண்டையின் சராசரிக்கு அது போதும். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த மேட்டைப் பிடிக்க முடியுமா என்று கேட்டால் லான்செஸ்டரிடம் பதில் இல்லை. ஆள் ஒன்று உயிரோடு சுடுகிறான், இல்லையேல் போய்விட்டான் என்ற இரண்டு நிலைதான் அவர் கணக்கில் உண்டு. நமக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

சரி, அந்த மூன்றாவது நிலையை எப்படிக் கொண்டுவருவது?

மிக எளிய வழியிலிருந்து தொடங்கலாம். ஒரு தோட்டா பக்கத்தில் சீறிக்கொண்டு போனால் ஆள் குனிகிறான், 15 விநாடி கழித்து எழுகிறான் என்று வையுங்கள். (15 என்பது உதாரணத்துக்கு நான் வைத்த எண்.) அதற்குள் இன்னொன்று வந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. இப்போது எந்த நொடியிலும் ஒருவன் முடங்கியிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: கடந்த 15 விநாடியில் அவன் பக்கத்தில் ஒரு தோட்டாவாவது வந்ததா?

தோட்டாக்கள் ஒழுங்கில்லாமல், மழைத்துளி மாதிரி வந்தால் விடை இது:

முடங்கியிருக்கும் விகிதம் = 1 − எக்ஸ்ப்(−வீதம் × முடக்க நேரம்)

எக்ஸ்ப் என்பது எக்செலில் இருக்கும் அதே ஃபங்ஷன். ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 4 தோட்டா அருகில் வந்தால் 63 சதவீத நேரம் முடங்கிக் கிடப்பான். 8 வந்தால் 86 சதவீதம். 16 வந்தால் 98.

இதைப் பார்த்ததும் "தோட்டாவை இரட்டிப்பாக்கியும் 63 என்பது 86தானே ஆகிறது, அடுத்த முறை வெறும் 12 கூடுகிறது, வீண் செலவு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மேடேறி வருகிறவன் பக்கம் நின்று பாருங்கள். அவனைத் தொடுவது முடங்கியவர்கள் இல்லை, முடங்காதவர்கள். எதிரே 10 பேர் இருந்தால், அவனை நோக்கிச் சுடுவது சராசரியாக 3.7 துப்பாக்கி. தோட்டாவை இரட்டிப்பாக்கினால் 1.4. இன்னும் ஒரு முறை இரட்டிப்பாக்கினால் 0.2. ஏறுகிறவனுக்கு அந்தக் கடைசி இரட்டிப்புதான் உயிர்.

மழைத்துளி மாதிரி வராமல் சீராக வந்தால்?

இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒழுங்கில்லாமல் வரும்போது ஒரே விநாடியில் மூன்று தோட்டா வந்து விழும், பிறகு அரை நிமிடம் ஒன்றும் இருக்காது. அந்த அரை நிமிடத்தில் ஆள் எழுந்துவிடுவான். அதற்குப் பதில் ஒவ்வொருவனுக்கும் சரியாக 14 விநாடிக்கு ஒன்று என்று அனுப்பினால், நிமிடத்துக்கு நான்கு தோட்டாவுக்குச் சற்று மேலேதான் செலவு. ஆனால் யாரும் எழவே முடியாது. 63 சதவீதம் வாங்கித் தந்த ஏறத்தாழ அதே செலவுக்கு முழு முடக்கம்.

இதைச் சமன்பாடு தெரியாமலே ராணுவங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மாறி மாறிச் சிறு சிறு வெடிப்பாகச் சுடும். ஒன்று நிறுத்தும்போது மற்றது தொடங்கும். இரண்டும் பேசிக்கொள்வது போல இருப்பதால் பேசும் துப்பாக்கிகள் என்றே பெயர். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கொட்டுவது சினிமாவுக்குச் சரி. 200 தோட்டா பெல்ட் ஒன்று, நிமிடத்துக்கு 100 வீதம் சுட்டால் 2 நிமிடம் வரும். ஆத்திரத்தில் கொட்டினால் அரை நிமிடம்கூட வராது. பெல்ட் மாற்றும் நேரத்துக்கும் வாடகை பாக்கி விழும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முடக்கினால் என்ன ஆகும்?

இதை நேரம் எடுத்து யோசித்துப் பாருங்கள், சுவாரஸ்யமானது. நான் உன்னை முடக்கினால் உன் சூடு குறைகிறது. உன் சூடு குறைந்தால் என் ஆட்கள் எழுகிறார்கள். அவர்கள் எழுந்தால் உன் மேல் சூடு கூடுகிறது. உருளும் பனிப்பந்து என்பார்கள். நம் ஊருக்கு ஏற்றபடி சொன்னால், கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் கால் வழுக்கத் தொடங்கிய மாதிரி.

மேலே சொன்ன சூத்திரத்தை இரண்டு பக்கத்துக்கும் போட்டு ஓட்டுங்கள். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் தலை தூக்கிச் சுட்டால் ஒருவனுக்கு முடக்க நேரத்துக்குள் எத்தனை தோட்டா அருகில் வரும் என்பதுதான் முக்கியமான எண். அது 2.7க்குக் கீழே இருந்தால் இரு பக்கமும் அரைகுறையாகச் சுட்டுக்கொண்டு சமநிலையில் நிற்கும். அதைத் தாண்டினால் சமநிலை நிற்காது. 4 என்று வைத்து ஓட்டியபோது, ஆள் பலம், ஆயுதம், பயிற்சி எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒரு பக்கம் 89 சதவீதம் எழுந்து சுடுகிறது, மறுபக்கம் 3 சதவீதம்கூட இல்லை. யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானித்தது தொடக்கத்தில் நான் கொடுத்த சின்ன முன்னிலை மட்டும்.

முதல் சில விநாடிகளில் சூட்டை யார் கையில் எடுக்கிறார்களோ அவர்களுக்கே சண்டை என்று காலாட்படைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும், பதுங்கித் தாக்குகிறவனுக்கு அத்தனை சாதகம் இருப்பதற்கும் இது ஒரு விளக்கம். லான்செஸ்டரின் வர்க்க விதியில் சமமான இரு படைகள் சமமாகத் தேயும். இதில் அப்படி இல்லை.

அந்த 15 விநாடி மாதிரியான எண்களை எங்கிருந்து எடுப்பது?

கஷ்டமான கேள்வி. கொல்லும் திறனைச் சுடுதளத்தில் அளக்கலாம். முடக்கத்தை அளக்க உயிர்ப்பயம் வேண்டும், அதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியாது. அமெரிக்க ராணுவம் 1970களில் நிஜத் தோட்டாக்களை வைத்தே சோதித்துப் பார்த்தது. தோட்டா எவ்வளவு நெருங்கிப் போகிறது, எத்தனை போகின்றன, எவ்வளவு சத்தம் என்ற மூன்றும் சேர்ந்துதான் ஆளைக் குனிய வைக்கின்றன. ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா பக்கத்தில் கடக்கும்போது சாட்டை சொடுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். பெரிய தோட்டாவுக்கு அந்தச் சொடுக்கு பெரிதாக இருக்கும், தள்ளிப் போனாலும் ஆள் குனிவான். ஆனால் சோதனைக்கு வந்தவனுக்குத் தன்னைக் கொல்ல மாட்டார்கள் என்று தெரியும். அந்த ஓட்டையை எந்தச் சோதனையாலும் அடைக்க முடியாது.

இன்னொரு வழி, பழைய சண்டைகளைத் தோண்டுவது. பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை ஆய்வாளர் டேவிட் ரோலண்ட் 1980களில் இதைச் செய்தார். லேசர் கருவி மாட்டிய பயிற்சிச் சண்டைகளில் வீரர்கள் எவ்வளவு வீழ்த்தினார்கள், அதே மாதிரியான நிஜச் சண்டைகளில் எவ்வளவு வீழ்த்தினார்கள் என்று ஒப்பிட்டார். நிஜத்தில் பல மடங்கு குறைவு. துப்பாக்கி அதேதான், கை அதேதான். எதிரே இருப்பவன் நிஜத் தோட்டா வைத்திருக்கிறான் என்பதுதான் வித்தியாசம். ஆகவே பயிற்சித்தளத்து எண்ணை அப்படியே மாதிரியில் போட்டால், உங்கள் கணினிப் படை பத்து நிமிடத்தில் ஒருவரையொருவர் துடைத்துவிடும்.

நிஜச் சண்டை ஒன்றில் இந்த மாதிரியைக் காட்ட முடியுமா?

முடியும். இதற்கு நான் எப்போதும் எடுப்பது முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த சண்டை: 1916 ஜூலை 1, சோம் ஆற்றங்கரை.

பிரிட்டிஷ் பீரங்கிகள் அதற்கு முன் ஒரு வாரம், ஜூன் 24இலிருந்து, ஜெர்மன் அகழிகள் மேல் சுமார் 15 லட்சம் குண்டுகளைப் போட்டன. அகழியில் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்றுதான் மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். ஆனால் ஜெர்மானியர்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, சில இடங்களில் 30 அடி ஆழத்தில் நிலவறை கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு ஒழுங்காக வரவில்லை, ஆனாலும் பெரும்பாலானோர் உயிரோடு இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் முழுக்க முடங்கித்தான் கிடந்தார்கள். பிரச்சினை எட்டாவது நாள் காலையில் வந்தது.

போமோன்-ஹாமெல் பகுதியில் ஹாதோர்ன் மேட்டுக்கு அடியில் பிரிட்டிஷார் 18 டன் வெடிமருந்து வைத்திருந்தார்கள். அதை 7:20க்கு வெடித்தார்கள். காலாட்படை எழுந்து நடக்க வேண்டிய நேரம் 7:30. அந்தப் பகுதியில் கனரகப் பீரங்கிகளும் 7:20க்கே முன்வரிசை அகழியை விட்டுப் பின்னால் அடிக்கப் போய்விட்டன.

இப்போது நம் மாதிரி கேட்கும் எண்கள் இரண்டே இரண்டு. நிலவறையிலிருந்து இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு படியேறி மேலே நிறுத்த எவ்வளவு நேரம்? இரண்டு மூன்று நிமிடம் என்று வையுங்கள். முதுகில் மூட்டையோடு, இரு தரப்பு அகழிகளுக்கும் இடையிலுள்ள நடுவெளியைக் கடக்க எவ்வளவு நேரம்? 300 கஜம் என்றால், மேடு பள்ளத்தில் நிமிடத்துக்கு 50 கஜம் வீதம் ஆறு நிமிடம். பத்து நிமிடம் முன்கூட்டியே சூட்டை நிறுத்தாமல் இருந்திருந்தாலும் பந்தயத்தில் தோல்விதான். பத்து நிமிட இனாமும் கொடுத்தால் சொல்ல வேண்டுமா? 9:15 அளவில் அதே இடத்தில் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவு எழுந்து போனது. கிட்டத்தட்ட 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பு இழப்பு மொத்தம் 57,470, அதில் இறந்தவர்கள் 19,240.

அதே நாளில், அதே போர்முனையில் ஒரு எதிர் உதாரணமும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் பக்கம் இருந்த, அயர்லாந்தின் வடபகுதி அல்ஸ்டர்காரர்களின் 36ஆம் டிவிஷன் 7:30 வரை காத்திருக்கவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நடுவெளிக்குள் ஊர்ந்து போய் ஜெர்மன் அகழிக்குக் கிட்டத்தில் படுத்துக்கொண்டார்கள். சூடு நகர்ந்ததும் ஓடிப்போய் முதல் வரிசையைப் பிடித்துவிட்டார்கள். பிறகு இருபுறமும் மற்றவர்கள் முன்னேறாததால் பிடித்ததில் பெரும்பகுதியை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அது வேறு கதை. நம் கணக்குக்கு வேண்டியது, கடக்கும் நேரத்தை மீளும் நேரத்துக்கு (முடங்கிய எதிரி மறுபடி எழுந்து சுட ஆகும் நேரத்துக்கு) கீழே கொண்டுவந்தார்கள் என்பதுதான்.

அதிலிருந்து யாராவது பாடம் கற்றார்களா?

இரண்டு பக்கமும் கற்றது. பிரிட்டிஷ் பக்கம், குண்டு மழையைக் காலாட்படைக்கு முன்னால் திரைபோல நகர்த்திக்கொண்டே போகும் முறை வழக்கமாயிற்று. 1917 ஏப்ரல் 9 அன்று விமி மேட்டில் கனடியர்கள் ஏறியபோது அந்தத் திரை மூன்று நிமிடத்துக்கு 100 கஜம் நகர்ந்தது. வீரர்கள் அதை ஒட்டியே நடந்தார்கள். சொந்தக் குண்டு சிலரை வீழ்த்தும் என்று தெரிந்தேதான். திரைக்கும் ஆளுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அதைவிட அதிகம் பேர் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்குப் போவார்கள். மீளும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் கொடூரமான சான்று வேண்டாம்.

ஜெர்மன் பக்கம் கேயோர்க் புரூக்முல்லர் என்ற பீரங்கி அதிகாரி. அழிக்க வேண்டியதில்லை, நம் ஆட்கள் போய்ச் சேரும்வரை செயலிழக்க வைத்தால் போதும் என்பது அவர் வழி. 1918 மார்ச் 21 அன்று ஐந்து மணி நேரத்தில் 11 லட்சம் குண்டுகள் அளவில் போட்டார்கள். சோமில் ஒரு வாரத்துக்குப் போட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரிப் பீரங்கிகள் மேல் நச்சுவாயுக் குண்டு. முகமூடி மாட்டியவன் சாக மாட்டான், ஆனால் வியர்த்து, மூச்சு வாங்கி, கண்ணாடி மங்கி, நிமிடத்துக்கு எத்தனை குண்டு சுடுவான்? அதையும் முடக்கக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அன்று காலை மூடுபனியும் அவர்களுக்கு உதவியது.

பெரிய குண்டு நல்லதா, நிறைய சின்னக் குண்டு நல்லதா?

கொல்ல, இடிக்க வேண்டுமென்றால் பெரியது. முடக்க மட்டும் என்றால் நிறைய சின்னது. மேலே உள்ள சூத்திரத்தில் வீதம்தான் இருக்கிறது, எடை இல்லை. ஒரே எடையை நான்காகப் பிரித்து நேரம் விட்டு நேரம் அனுப்பினால் எழும் வாய்ப்பு குறைகிறது. பிரிட்டிஷ் ராணுவம் இரண்டாம் உலகப்போரில் வெறும் 11 கிலோ அளவுள்ள குண்டு சுடும் 25 பவுண்டர் பீரங்கியை வைத்துக்கொண்டு சமாளித்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முடங்கிக் கிடப்பவனைச் சுட்டு வீழ்த்துவது எளிதுதானே?

இல்லை, கடினம். கிட்டத்தட்ட எல்லா மாதிரியும் முதலில் சறுக்குவது இங்கேதான். குனிந்தவன் சுடமாட்டான், சரி. ஆனால் அவன் தெரியவும் மாட்டான். ஆக, முடக்கும் சூடு தன் கொல்லும் திறனைத் தானே குறைத்துக்கொள்கிறது. முடங்கியவனின் சூட்டைக் குறைத்துவிட்டு, அவன் வெளியே தெரியும் அளவைக் குறைக்க மறந்தால் மாதிரியில் எல்லோரும் மளமளவென்று சாவார்கள். அவனைத் தீர்க்க யாராவது பக்கவாட்டில் போக வேண்டும், அல்லது கையெறிகுண்டு வீசும் தூரத்துக்கு நெருங்க வேண்டும். முடக்குவது ஒருவன், நகர்வது இன்னொருவன். நகர ஆள் இல்லாத முடக்கு சூடு வெறும் சத்தம்.

நூற்றுக்கு 15இலிருந்து 25 பேர்தான் துப்பாக்கியைச் சுட்டார்கள் என்று படித்தேன். அதை மாதிரியில் போடலாமா?

அது எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ வரலாற்று எழுத்தாளர், இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட அமெரிக்கக் காலாட்படையைப் பற்றி 1947இல் சொன்னது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒழுங்கான கணக்கெடுப்பு இருந்ததா என்று 1988இல் ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாசிரியர் கேள்வி எழுப்பினார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாத எண் அது. போடாதீர்கள். ஒருவேளை போட்டால், முடக்கத்தைத் தனியாக மறுபடி கழிக்காதீர்கள். சுடாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த நேரம் வெறுமனே முடங்கிக் கிடந்தார்கள் என்று பிரிக்க வழியில்லை.

அனுபவம், தலைமை இதெல்லாம்?

உண்டு. புது ஆள் எல்லாச் சத்தத்துக்கும் குனிவான். பழையவன் தன்னை நோக்கி வருவது எது, எங்கோ போவது எது என்று பிரிப்பான். மாதிரியில் இதற்கு முடக்க நேரத்தையும், எவ்வளவு தூரத்தில் போகும் தோட்டா கணக்கில் வரும் என்ற எல்லையையும் மாற்றினால் போதும். எட்டு பேர் குழுவில் தலைவன் ஒருவன் முடங்கினால் மற்ற ஏழு பேரும் பாதி முடங்கியதற்குச் சமம். சூடு எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

ரொம்ப நேரம் முடக்கியே வைத்திருந்தால் சரணடைந்துவிடுவார்களா?

சில நேரம். 1943இல் சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவில் உள்ள பான்டெல்லேரியா தீவில் 11,000 பேருக்கு மேல் இத்தாலியர்கள் இருந்தார்கள். நேச நாட்டு விமானங்கள் ஆறாயிரம் டன் அளவுக்குக் குண்டு போட்டன. ஜூன் 11 அன்று படை கரையிறங்கும்போதே தீவு சரணடைந்தது. இறந்தவர்கள் படையின் எண்ணிக்கையோடு பார்த்தால் மிகக் குறைவு. தொலைபேசிக் கம்பி அறுந்து, தண்ணீர் நின்று, ஒரு காவல்நிலைக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இல்லாமல் போனதே பெரிய அடி.

ஆனால் இதை வைத்து விதி எழுதிவிடாதீர்கள். சோமில் ஒரு வாரம் அடித்தும் எழுந்தார்கள். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்க நான் முயன்று தோற்றேன். விநாடிக் கணக்கில் வரும் முடக்கமும் நாள் கணக்கில் வரும் மனத்தளர்வும் வேறு வேறு பொருள், வேறு வேறு பெட்டியில் வையுங்கள்.

கார்கிலில் நடந்தது இதுதானா?

பெரும் பங்கு இதுதான். 1999இல் இந்தியப் பீரங்கிப்படை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. 155 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகள் சில இடங்களில் இலக்கை நேரே பார்த்தே அடித்தன. ஜூன் 13 தோலோலிங், ஜூலை 4 டைகர் ஹில் இரண்டிலும் மேலே குண்டு விழ, கீழேயிருந்து காலாட்படை ஏறியது. அந்த உயரத்தில், செங்குத்தான சரிவில் ஏறும் வேகத்தைப் போட்டுப் பாருங்கள். கடக்கும் நேரம் நிமிடத்தில் இல்லை, மணிக்கணக்கில். வாடகையும் அந்த அளவுக்குக் கட்ட வேண்டும். உச்சிக்கு நெருங்கும்போது சொந்த ஆட்களுக்காகப் பீரங்கி நிறுத்தியே ஆக வேண்டும். அந்தக் கடைசி சில பத்து மீட்டர்தான் மாதிரிக்கும் கஷ்டம், ஏறியவர்களுக்கும் கஷ்டம்.

கணினி விளையாட்டில் சுட்டால் திரை மங்குகிறதே, அது சரியான மாதிரியா?

பாதி சரி. குறி தவறுவதை அது காட்டுகிறது. ஆனால் விளையாடுகிறவருக்குச் சாவு பயம் இல்லாததால் திரை எவ்வளவு மங்கினாலும் எழுந்து சுடுவார். நிஜ வீரன் செய்யாததை அவர் செய்வார். ஆளைக் கணினி இயக்கும் உத்தி விளையாட்டுகளில்தான் முடக்கம் ஓரளவு உருப்படியாக வருகிறது. அங்கே நீங்கள் கட்டளை இடலாம், அவன் கேட்க வேண்டும் என்று இல்லை.

நானே ஒன்று எழுதிப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்க?

எக்செல் போதும். ஒரு வரிசைக்கு ஒரு வீரன், ஒரு பத்திக்கு ஒரு விநாடி. ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்கு இன்னும் எத்தனை விநாடி முடக்கம் பாக்கி என்ற எண். தோட்டா அருகில் வந்தால் 15, வராவிட்டால் முந்தைய கட்டத்திலிருந்து ஒன்று குறையும், பூஜ்யமானால் அவன் சுடலாம். பத்துக்குப் பத்து பேர் வைத்து மூன்று நிமிடச் சண்டையை ஒரு மாலையில் கட்டிவிடலாம்.

என் முதல் மாதிரியில் செய்த தப்பைச் சொல்கிறேன். கடிகாரத்தை மறுபடி 15க்கு வைப்பதற்குப் பதில், ஒவ்வொரு தோட்டாவுக்கும் 15 கூட்டிக்கொண்டே போயிருந்தேன். ஒரு இயந்திரத் துப்பாக்கி பத்து விநாடி சுட்டதும் எதிர்ப்பக்கம் 40 நிமிடத்துக்கு எழவே இல்லை. இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு "ஆகா, என்ன ஆயுதம்!" என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் ஒரு கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்து, "இதென்ன, இவனுக்கு 2,385 விநாடி பாக்கி இருக்கு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து எந்தக் கட்டமாவது 15ஐத் தாண்டினால் சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன்.